சொறிவதை நிறுத்திய இரவு

மகளுக்கு அப்போது நாலு வயது. ஆறாவது மாதத்திலிருந்தே எக்ஸிமா, தோல் வறண்டு சிவந்து ஓயாமல் அரிக்கும் நோய். எங்கள் வீட்டு இரவுக்கென்று ஒரு சத்தம் உண்டு: சரக், சரக் என்று நகம் தோலில் ஓடும் சத்தம். தூக்கத்திலேயே சொறிவாள். நானும் மனைவியும் முறை வைத்து எழுந்து கையைப் பிடிப்போம், களிம்பு தடவுவோம், நகத்தை இன்னும் ஒட்ட வெட்டியிருக்கலாமே என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வோம். எக்ஸிமா உள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கிப் புரியவைக்கவும் முடியாது.

அந்த வாரம் கழுத்திலும் இடது கன்னத்திலும் அதிகமாகியிருந்தது. மூன்று இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. நாலாவது இரவு சத்தமே இல்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்து போய்ப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தாள், கைகள் இரண்டும் பக்கவாட்டில். கண் திறந்திருந்தது. “தூங்கலையாம்மா?” என்றேன். இல்லை என்று தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். சொறியவில்லையே, அப்பாடா என்று நினைத்துக்கொண்டு திரும்பப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த ‘அப்பாடா’வைத்தான் இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

காலையில் கன்னத்தில் கை வைத்ததும் வீறிட்டாள். “தொடாதீங்கப்பா, வலிக்குது.” அரிக்குது என்ற சொல்லைத்தான் நாங்கள் தினமும் கேட்டுப் பழகியிருந்தோம். களிம்பு போடும்போது எரிச்சல் வருவது எக்ஸிமாவில் சாதாரணம், வெடித்த தோல் எரியத்தான் செய்யும். ஆனால் இது களிம்பு போடுவதற்கு முன்பே வந்த வலி. வெளிச்சத்தில் பார்த்தால் வழக்கமான சிவப்புத் திட்டின் மேல் சின்னச் சின்னதாக நீர் கோத்த கொப்புளங்கள், கடுகளவு, கொத்தாக. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் பாக்டீரியாத் தொற்று என்றார். ஆன்டிபயாடிக் சிரப்பும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது பெரிதாக இல்லை. எக்ஸிமாத் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியிருப்பது மிகச் சாதாரணம். அது கிளம்பினால் மஞ்சள் நிறப் பொருக்குத் தட்டும், நீர் கசியும், காய்ச்சல்கூட வரலாம். பத்துக் குழந்தைகள் இப்படி வந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வைரஸும் பாக்டீரியாவும் ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்தது தப்பே இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் 102-ஐத் தாண்டியது. கொப்புளம் கழுத்தைச் சுற்றி இறங்கியது, மேலே கண்ணின் ஓரம் வரை ஏறியது. என் போனில் ஒரே கன்னத்தின் மூன்று படங்கள் இருக்கின்றன: காலை, இரவு, மறுநாள் மாலை. முதல் படத்தில் எண்ணி இருபது. மூன்றாவதில் எண்ண முடியவில்லை.

இரண்டாவதாகப் போனது தோல் மருத்துவரிடம். அவர் தொடவே இல்லை. முகத்தை அருகில் கொண்டுவந்து, டார்ச் அடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம், “நல்லாப் பாருங்க, எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கா?” என்றார். இருந்தது. கொப்புளம் எல்லாம் ஒரே அளவு. உடைந்தவை எல்லாம் ஒரே அளவுக் குழி. காகிதத்தில் பஞ்ச் போட்டால் விழுமே, அந்த மாதிரி ஓரம் சுத்தமான வட்டக் குழிகள், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள். எக்ஸிமாவுக்கு ஓரமே கிடையாது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. சொறிந்த காயம் நீளமாக இருக்கும், ஒழுங்கற்று இருக்கும். நகத்தால் இவ்வளவு ஒழுங்கான வட்டம் போட முடியாது. மூன்றரை வருடமாக அந்தத் தோலைத் தினமும் பார்த்தவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

அடுத்து அவர் கேட்டது: “எப்பலேர்ந்து சொறியறதை நிறுத்தினா?”

நோயின் பெயர் எக்ஸிமா ஹெர்பெடிகம். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் அதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், எக்ஸிமாத் தோலில் இறங்கிப் பரவுவது. ஒரு குச்சியால் கொப்புளத்தின் அடியிலிருந்து மாதிரி எடுத்து, எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும், முடிவு வரும்போது வரட்டும் என்பதுதான் இந்த நோயில் முறை. 2011-இல் அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இந்த நோயோடு அனுமதிக்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகள். மருந்தைத் தொடங்க ஒரு நாள் தள்ளிப்போனாலும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடின. அதே ஆய்வில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘எக்ஸிமா ஹெர்பெடிகம் உயிருக்கு ஆபத்து’ என்ற வரியை நடுராத்திரியில் போனில் படித்துவிட்டுக் கை நடுங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கடமை உண்டு. ஆபத்து என்பது உண்மை. வைரஸ் ரத்தத்தில் கலந்து கல்லீரல், நுரையீரல், மூளை என்று போன கதைகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. ஆனால் நேரத்தோடு மருந்து கிடைத்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

கண்ணோரம் ஏறியிருந்ததால் அன்றிரவே கண் மருத்துவரையும் வரச் சொன்னார்கள். மூக்கு நுனி, இமை, நெற்றி என்று கண்ணைச் சுற்றி எங்கே வந்தாலும் கண்ணைப் பார்த்தாக வேண்டும். கருவிழியில் இந்த வைரஸ் இறங்கினால் தழும்பு விழுந்து பார்வையே மங்கலாம். ஆரஞ்சு நிறச் சாயம் நனைத்த தாளைக் கண்ணில் தொட்டுவிட்டு நீல ஒளியைப் பாய்ச்சினார். கருவிழியில் காயம் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். ஹெர்பிஸ் என்றால் மரக்கிளை பிரிந்த மாதிரிக் கோடுகள் தெரியும் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளை இல்லை.

அசைக்ளோவிர் மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மெதுவாக. வேகமாக ஏற்றினாலோ, உடம்பில் நீர் குறைந்தாலோ, மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடுமாம். அதனால் செவிலியர் வந்து வந்து, “ஒண்ணுக்குப் போனாளா, எவ்வளவு போனா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மருந்தைப் பற்றிப் படிக்க அந்த நாட்களில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. சொல்லாமல் விட மனசு வரவில்லை. அசைக்ளோவிர் உடம்புக்குள் போகும்போது வெறும் தூள், எதுவும் செய்யாது. அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால்தான் வேலை தொடங்கும். அந்த முதல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி ஹெர்பிஸ் வைரஸிடம் இருக்கிறது, நம் செல்லில் இருப்பது இந்த வேலைக்கு உதவாது. ஆக வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் மருந்து விழித்துக்கொள்கிறது. விழித்ததும் டிஎன்ஏவின் ஒரு கண்ணி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது சங்கிலிக்குள் புகுந்துகொள்கிறது. அடுத்த கண்ணியை மாட்ட அதில் கொக்கி இல்லை. சங்கிலி அத்தோடு நின்றுவிடும். எதிரியின் சாவியை வைத்தே எதிரியின் வீட்டைப் பூட்டுகிற வேலை. மருந்துகளை இப்படி யோசித்து வடிவமைக்கும் வழியைக் காட்டியதற்காக விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் ஜேம்ஸ் பிளாக்குக்கும் சேர்த்து. எலியன் முறைப்படி முனைவர் பட்டம் முடிக்காதவர். மகளின் கையில் ஏறிக்கொண்டிருந்த அந்தக் குப்பியைப் பார்த்து அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நோயை முதலில் விவரித்தவர் வியன்னாவில் இருந்த தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி. ஆண்டு 1887. பார்த்ததைச் சரியாக எழுதினார், காரணத்தை மட்டும் பூஞ்சை என்று தப்பாக நினைத்தார். வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாத காலம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டாம் நாள் காலை அந்தத் தோல் மருத்துவர் வந்து, கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்: “வீட்டுல யாருக்காவது சமீபத்துல உதட்டுல புண் வந்துச்சா?”

எனக்கு வந்திருந்தது. பத்து நாள் முன்பு. வருடத்துக்கு ஓரிரு முறை வரும், காய்ச்சல் கொப்புளம் என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம். உதட்டோரம் குறுகுறுவென்று இருக்கும், மறுநாள் கொப்புளம், ஒரு வாரத்தில் பொருக்கு விழுந்துவிடும். அதோடுதான் தினமும் அவளைத் தூங்கவைத்தேன். இடது கன்னத்தில்தான் முத்தம் கொடுப்பேன், அவள் வலது பக்கம் திரும்பிப் படுப்பவள்.

மருத்துவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உலகத்தில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் இந்த வைரஸ் இருக்கிறது, பெரும்பாலோர் சின்ன வயதிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், ஒருமுறை வந்துவிட்டால் முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும், புண் இல்லாத நாட்களிலும் எச்சிலில் வெளிவரும் என்றெல்லாம் சொன்னார். யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லவே முடியாது என்றார். எல்லாம் ஆறுதலுக்காக மட்டும் சொன்னதில்லை, எல்லாமே உண்மை. இருந்தாலும் இடது கன்னம் இடது கன்னம்தான்.

அதே முத்தம் எக்ஸிமா இல்லாத குழந்தைக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. மிஞ்சிப்போனால் வாய்க்குள் புண். இதற்குப் பதில் தோலின் அமைப்பில் இருக்கிறது. மேல்தோலைச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. செங்கலைக் கெட்டியாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். ஹெர்பிஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி மேல்பரப்பில் இல்லை, உள்ளடுக்கில் இருக்கிறது. முழுசான தோலில் வைரஸின் கை அதுவரை எட்டாது. விரிசல் விட்ட சுவரில் எட்டும். சுவர் மட்டும் பிரச்சினை என்றால்கூடச் சமாளித்துவிடலாம். எக்ஸிமாவில் பொங்கும் அழற்சிக்கு ஐஎல்-4, ஐஎல்-13 என்று இரண்டு தூதுப் பொருள்கள் முக்கியம். தோல் தானே சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களை அவை அடக்கிவைக்கின்றன. சுவரும் இடிந்து, காவலாளியையும் தூங்கவைத்தால் எப்படி? அப்படியும் எக்ஸிமா உள்ளவர்களில் 100-க்கு 3 பேருக்கும் குறைவாகத்தான் இது வருகிறது. சின்ன வயதிலேயே தொடங்கியவர்கள், உடம்பில் அதிக இடத்தில் இருப்பவர்கள், அடிக்கடி பாக்டீரியாத் தொற்று வந்தவர்கள்தான் அதில் முன்னால் நிற்பவர்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், “அந்த ஸ்டீராய்டு களிம்புதான் காரணம், நான் அப்பவே சொன்னேனே” என்றார். எக்ஸிமாவின் அழற்சியை அடக்க மருத்துவர்கள் எழுதித் தரும் களிம்பு அது. நானும் ஒரு காலத்தில் அந்தப் பயத்தோடு இருந்தவன்தான். மருத்துவர் இரண்டு வாரம் போடச் சொன்னால் நாலு நாளில் நிறுத்திவிடுவேன். 2003-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் 100 நோயாளிகளை ஆராய்ந்தபோது, முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் நோய் வருவதற்கு முந்தைய நாலு வாரத்தில் ஸ்டீராய்டு களிம்பே போட்டிருக்கவில்லை. அவர்களின் எக்ஸிமா கட்டுப்படாமல் கிடந்தது. அன்று எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். ஹெர்பிஸ் கொப்புளம் இருக்கும் நேரத்தில் ஸ்டீராய்டை எங்கே போடலாம், எப்போது மறுபடி தொடங்கலாம் என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் சாதாரண நாட்களில் பயந்துபோய்க் களிம்பை அலமாரியில் பூட்டிவைத்தால் சுவர்தான் இடிந்துகொண்டே போகும்.

நாலாம் நாள் புதிய கொப்புளம் இல்லை. ஐந்தாம் நாள் வாய்வழி மருந்தோடு வீட்டுக்கு வந்தோம். குழிகள் மூடின. தழும்பு ஏதும் நிற்கவில்லை, காதுக்குக் கீழே அரிசிப் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளியைத் தவிர.

அதோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஏழெட்டு மாதம் கழித்து முழங்கை மடிப்பில் முத்து மாதிரி நாலு பரு. எனக்கு உயிரே போய்விட்டது. போனை எடுத்துப் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் மாதிரி ஒரு குழி. பாலுண்ணி. மொலஸ்கம் என்பார்கள். இதுவும் வைரஸ்தான், பெரியம்மை வைரஸின் தூரத்துச் சொந்தம், ஆனால் சாது. தானாகவே போய்விடும். போவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை எடுத்துக்கொள்ளும், அதுதான் தொல்லை. எக்ஸிமாக் குழந்தைக்கு இது வந்தால் இரண்டு நோயும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்ளும். பாலுண்ணியைச் சுற்றி எக்ஸிமாத் திட்டு கிளம்பும், அரிக்கும், சொறிந்தால் நகம் போன வழியெல்லாம் வரிசையாகப் புதுசு முளைக்கும். மகளின் கையில் ஆறு பரு ஒரே நேர்கோட்டில் நின்றதைப் பார்த்தால் யாரோ அளவுகோல் வைத்துப் புள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் பருக்கள் எல்லாம் திடீரென்று சிவந்து வீங்கின. சீழ் பிடித்துவிட்டது என்று ஓடினோம். “நல்ல சேதிதான், உடம்பு இப்பதான் அதைக் கவனிச்சிருக்கு” என்றார் மருத்துவர். சில வாரங்களில் உதிர்ந்துபோயின. அசைக்ளோவிர் இதற்குப் பயன்படாது. சாவி கொடுக்கும் அந்த நொதி இந்த வைரஸிடம் இல்லை.

கை கால் வாய் நோய் என்று பள்ளிகளில் பரவுமே, அதை உண்டாக்கும் வைரஸ்களில் காக்ஸாக்கி ஏ6 என்ற ரகம் எக்ஸிமா இருந்த இடமாகப் பார்த்துக் கொப்புளம் போடும். பார்வைக்கு ஹெர்பிஸை அப்படியே உரித்துவைத்திருக்கும், பிசிஆர்தான் பிரித்துச் சொல்லும். நோய் போய் சில வாரம் கழித்து நகங்கள் கழன்று விழுந்தால் அப்போது நினைவு வந்து, ஓ அதுவா என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. வலிக்காமல் புது நகம் வந்துவிடும்.

இன்னொரு சம்பவம் படித்ததிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. 2007-இல் அமெரிக்காவில் ஒரு ராணுவ வீரர் பணிக்குக் கிளம்பும் முன் பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அதில் இருப்பது வாக்சினியா என்ற, பெரியம்மை வைரஸின் சொந்தக்கார வைரஸ், உயிரோடு. விடுப்பில் வீட்டுக்கு வந்தார். கடுமையான எக்ஸிமா உள்ள இரண்டு வயது மகனுக்கு அது தொற்றி, உடம்பில் ஏறக்குறைய பாதி கொப்புளமாகிவிட்டது. அப்போது சோதனை நிலையில் இருந்த டெகோவிரிமாட் என்ற மருந்தையும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த அப்பாவை நான் பார்த்ததில்லை, பேர்கூடத் தெரியாது. ஆனால் அவர் அந்த மருத்துவமனையின் நடையில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் சில பழக்கங்கள் மாறின. துண்டு தனித்தனி. களிம்பு டப்பாவுக்குள் விரலை விடுவதில்லை, சுத்தமான கரண்டியால் எடுத்துத் தனியாக வைத்துத் தடவுகிறோம். என் உதட்டோரம் குறுகுறுத்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல், அன்றிரவே அவளைத் தூங்கவைக்கும் முறை மனைவிக்குப் போய்விடும். மகளுக்கு இப்போது ஏழு வயது. என் உதட்டை அவளே டார்ச் அடித்துப் பரிசோதிப்பாள், அந்த மருத்துவரைப் போலவே தொடாமல். “இன்னிக்கு உங்களுக்கு லீவுப்பா” என்று தீர்ப்புச் சொல்வாள். எக்ஸிமாவுக்குக் கரப்பான் என்று ஒரு பெயர் உண்டென்று எங்கேயோ கேட்டுவிட்டு, தன்னிடம் பூச்சி இருப்பதாகப் பள்ளியில் பெருமையடித்துக்கொண்டு வந்தது தனிக்கதை.

நேற்றிரவு ஒரு மணி இருக்கும். பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம். சரக், சரக். மனைவி என்னைத் தட்டினாள். “சொறியறா.”

“ஆமா, கேட்குது” என்றேன். இன்னும் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு, களிம்பை எடுக்க எழுந்தேன்.